மொரீசியஸ் சிறு கரும்பு விவசாயிகள் ஃபேர்டிரேட் சான்றிதழ் பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஃபேர்டிரேட் எனப்படும் நியாய வணிகச் சான்றிதழ் வந்துவிட்டால் கரும்புக்கு விலை தானாக ஏறிவிடும் என்று நினைத்து விண்ணப்பத்தில் இறங்கும் சங்கங்கள் இருக்கின்றன. அப்படி ஏறாது. சான்றிதழ் கொடுப்பது, உங்கள் சர்க்கரையை ஃபேர்டிரேட் என்று சொல்லி விற்கும் உரிமையை மட்டும்தான். யாராவது அப்படிக் கேட்டு வாங்கினால்தான் கூடுதல் பணம். அதனால் இந்த வழிகாட்டி வயலில் தொடங்கவில்லை. வாங்குபவரிடம் தொடங்கி, சங்கத்தின் பதிவேடுகளுக்குப் போய், அப்புறம்தான் வயலுக்குள் இறங்குகிறது. தணிக்கையில் சங்கங்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் கரும்பால் அல்ல, காகிதத்தால்தான்.

எழுதியிருப்பது ரோஸ் பெல், ஃபிளாக், ரிவியேர் தூ ரெம்பார் பக்கங்களில் ஒன்றிரண்டு ஆர்பான் (இங்குள்ள நில அளவு) கரும்பு வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்காக. வீட்டில் கிரியோல்தான் ஓடுகிறது, ஆனால் தமிழில் படித்தால் மனதில் நிற்கிறது என்று சொல்லும் சங்கச் செயலாளர்களுக்காகவும். அன்னாசி, காய்கறி, தேயிலை பயிரிடுபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்; மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஏன் இந்தப் பேச்சு வந்தது

1975 முதல் மொரீசியஸ் சர்க்கரைக்கு ஐரோப்பாவில் ஒரு பாதுகாப்பான விலை இருந்தது. சர்க்கரை நெறிமுறை என்ற அந்த ஏற்பாட்டின் கீழ், குறிப்பிட்ட அளவை உலகச் சந்தை விலைக்கு மேல் வாங்கிக்கொள்வார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சர்க்கரைக் கொள்கையை மாற்றியது. டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த கச்சாச் சர்க்கரை விலை படிப்படியாக இறங்கி, 2009இல் 335.2 யூரோ ஆனது. 36 சதவீத வெட்டு. அந்த ஆண்டு செப்டம்பரோடு நெறிமுறையும் முடிந்தது. இங்குள்ள சிறு விவசாயிகளின் சங்கங்கள் ஃபேர்டிரேட் பக்கம் திரும்பியது அந்த அடிக்குப் பிறகுதான். 2017இல் ஐரோப்பா பீட்ரூட் சர்க்கரை உற்பத்திக்கு இருந்த கட்டுப்பாட்டையும் நீக்கியது. அங்கே சர்க்கரை மலிந்தது. ஃபேர்டிரேட் கரும்புச் சர்க்கரை கேட்பவர்களும் குறைந்தார்கள். இன்று புதிதாக விண்ணப்பிக்கும் சங்கம் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

யார் யார் இதில் இருக்கிறார்கள்

ஜெர்மனியின் பான் நகரில் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் இருக்கிறது. விதிகளை எழுதுவது அது. விதிகளை நீங்கள் கடைப்பிடிக்கிறீர்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது ஃப்ளோசெர்ட் என்ற தனி நிறுவனம்; அதுவும் பானில்தான். உங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை தர வேண்டியது ஃபேர்டிரேட் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்காவின் உற்பத்தியாளர் சங்கங்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் வலையமைப்பு அது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃப்ளோசெர்ட் ஆளிடம் போய் "இதை எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டால் அவர் சொல்ல மாட்டார். தணிக்கை செய்பவரே ஆலோசனையும் சொன்னால் தணிக்கைக்கு மதிப்பில்லை. அந்தக் கேள்வியை ஃபேர்டிரேட் ஆப்பிரிக்காவிடம் கேட்க வேண்டும்.

உள்ளூரில், சர்க்கரையை விற்பது மொரீசியஸ் சுகர் சிண்டிகேட். 1919 முதல் இருக்கிறது. நீங்கள் சாக்கில் கட்டி லண்டனுக்கு அனுப்பப் போவதில்லை; விற்பனை அவர்கள் வழியாகத்தான். விவசாயிகள் பதிவு, விரிவாக்கப் பணி, ஆராய்ச்சி எல்லாம் மொரீசியஸ் கரும்புத் தொழில் ஆணையத்தின் கீழ். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு, கணக்குத் தணிக்கை ஆகியவற்றுக்குக் கூட்டுறவுப் பதிவாளர்.

படி 1: தனியாக முடியாது, எஸ்டேட்டாகவும் முடியாது

தனி விவசாயி ஒருவர் ஃபேர்டிரேட் சான்றிதழ் வாங்க வழியில்லை. கரும்பைப் பொறுத்தவரை சிறு உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான விதிகள் மட்டுமே பொருந்தும். அதாவது, சிறு விவசாயிகள் உறுப்பினர்களாக இருந்து, அவர்களே நடத்தும் சங்கம். கூலியாட்களை வைத்து நடத்தும் பெரிய தோட்டங்களுக்கு வேறொரு விதித்தொகுப்பு உண்டு. தேயிலை, பூ, வாழை, பழவகைத் தோட்டங்கள் அதில் வரலாம், கரும்பு வராது. ஆக, பெரிய எஸ்டேட் சர்க்கரை ஃபேர்டிரேட் ஆகாது. சிறியவனுக்கு என்று ஒதுக்கிவைத்த இடம் இது ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு ஒரு திருப்தி.

சங்கத்தின் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் சிறு விவசாயிகளாக இருக்க வேண்டும். ஃபேர்டிரேட் என்று விற்கும் சர்க்கரையில் குறைந்தது பாதி அவர்கள் நிலத்திலிருந்து வர வேண்டும். கரும்பு ஆள்பலம் அதிகம் தேவைப்படும் பயிர் என்பதால், நிலத்தின் அளவோடு நிரந்தரக் கூலியாட்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு ஆர்பான் வைத்து, வெட்டும் காலத்துக்கு மட்டும் ஆள் கூப்பிடும் நம் ஊர் விவசாயிக்கு இது பிரச்சினையே இல்லை. ஐம்பது, அறுபது ஆர்பான்காரர்கள் நான்கைந்து பேர் உள்ள சங்கம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

மொரீசியஸில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 1913 முதல் உண்டு. தாத்தா காலத்திலேயே கட்டிவைத்த அமைப்பு கையில் இருக்கும்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். சங்கம் மிகச் சிறியது, முப்பது நாற்பது பேர்தான் என்றால் பக்கத்துச் சங்கங்களோடு சேர்ந்து கூட்டமைப்பாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் பகிர்ந்துவிடும். ஆனால் கூட்டமைப்பு ஒவ்வொரு உறுப்புச் சங்கத்தையும் தானே சரிபார்க்கும் உள்கண்காணிப்பு முறை ஒன்றை வைத்திருக்க வேண்டும். ஒரு சங்கம் சறுக்கினால் மற்றவர்களுக்கும் தலைவலி.

படி 2: வாங்க ஆள் இருக்கிறதா?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் சிண்டிகேட்டில் நேரம் கேட்டு, நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர் போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டியது இதுதான்: இந்த அறுவடையில் ஃபேர்டிரேட் சர்க்கரைக்கு எவ்வளவு ஆர்டர் இருக்கிறது? ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற சங்கங்களே அதை நிரப்பிவிடுகின்றனவா? புதிய சங்கம் வந்தால் அளவை எப்படிப் பிரிப்பீர்கள்? பதில் தெளிவாக இல்லையென்றால் ஓர் ஆண்டு பொறுப்பது நல்லது.

இந்த அவசரமின்மைக்குக் காரணம் இருக்கிறது. காப்பி, கோகோ போன்றவற்றுக்கு ஃபேர்டிரேட் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. கரும்புச் சர்க்கரைக்கு அந்தக் குறைந்தபட்ச விலை கிடையாது. கிடைப்பது பிரீமியம், அதாவது விலைக்கு மேல் சங்கத்துக்கு வரும் கூடுதல் தொகை மட்டும்: சாதாரணச் சர்க்கரைக்கு டன்னுக்கு 60 அமெரிக்க டாலர், இயற்கை முறைச் சர்க்கரைக்கு 80 டாலர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 உறுப்பினர், சராசரி இரண்டு ஆர்பான் என்றால் 240 ஆர்பான். ஆர்பானுக்கு 30 டன் கரும்பு வைத்தால் 7,200 டன். பத்தில் ஒரு பங்கு சர்க்கரை என்று எடுத்தால் 720 டன். அத்தனையும் ஃபேர்டிரேட்டாக விற்றால் பிரீமியம் 43,200 டாலர். சிண்டிகேட்டுக்கு வந்த ஆர்டர் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் என்றால் 240 டன், 14,400 டாலர். தலைக்குப் பிரித்தால் 120 டாலர். இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் கட்டணம் கட்டுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். பொதுக்குழுவில் முதல் எண்ணை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கும் தலைவர், அடுத்த ஆண்டு அதே கூட்டத்தில் பதில் சொல்ல நேரிடும்.

அன்னாசி, லிச்சி போன்ற பழங்கள் என்றால் வேறொன்றும் பார்க்க வேண்டும். ஃபேர்டிரேட் தன் விலைப் பட்டியலை பொருள்வாரியாக, நாடுவாரியாக வெளியிடுகிறது. உங்கள் பொருளுக்கு மொரீசியஸுக்கான விலை அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முதலில் விலை நிர்ணயிக்கக் கோர வேண்டும். அதற்குத் தனியாகக் காலம் பிடிக்கும்.

படி 3: உறுப்பினர் பதிவேடு

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வேலை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பழைய சங்கம் ஒன்றின் பதிவேட்டைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வரிசை எண், பெயர், பங்குத் தொகை, கையெழுத்து. பெயர்களில் சிலர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நிலம் இன்னும் பாகம் பிரியாமல் "வாரிசுகள்" என்ற பெயரில் கிடக்கும். பயிர் செய்வது மூத்த மகன், கரும்பு ஆலைக்குப் போவது அப்பா பெயரில், பணம் வருவது அம்மா கணக்கில். ஊருக்குள் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து உட்காரும் தணிக்கையாளர் பார்ப்பது ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பெயர்களை.

புதிய பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் இவை இருக்கட்டும்: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், ஆணா பெண்ணா, பிறந்த ஆண்டு, சங்கத்தில் சேர்ந்த தேதி, கரும்புத் தொழில் ஆணையத்தின் பதிவு எண், நிலம் எங்கே, எத்தனை ஆர்பான், அது எத்தனை ஹெக்டேர், அதில் கரும்பு எவ்வளவு, கடந்த அறுவடையில் ஆலைக்குப் போன டன், நிரந்தரக் கூலியாள் உண்டா. ஓர் ஆர்பான் என்பது 0.422 ஹெக்டேர். விண்ணப்பத்தில் ஹெக்டேர்தான் கேட்பார்கள். ஆர்பானை அப்படியே ஹெக்டேர் கட்டத்தில் எழுதினால் நிலம் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். விளைச்சல் பாதியாகத் தெரியும். அப்புறம் கேள்வி மேல் கேள்வி.

வாரிசு நிலங்களுக்கு, பயிர் செய்பவர் யார் என்று மற்ற வாரிசுகள் கையெழுத்திட்ட எளிய ஒப்புதல் கடிதம் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கணவர் இறந்தபின் கரும்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை, கணவர் பெயருக்குப் பின்னால் வைக்காமல், அவர்கள் பெயரிலேயே உறுப்பினர் ஆக்குங்கள். விதிகள் பாகுபாடு கூடாது என்கின்றன என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வாக்குரிமை இல்லாதவர் பிரீமியம் பணத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது.

இரண்டு சங்கங்களில் பெயர் வைத்திருப்பவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே கரும்பு இரண்டு சங்கக் கணக்கில் ஏறினால் அது சின்னத் தவறாகப் பார்க்கப்படாது. ஆணையத்தின் பதிவு எண்ணை வைத்து ஒப்பிட்டால் அரைநாளில் தெரிந்துவிடும்.

படி 4: கூட்டங்கள், கணக்கு, மினிட் புத்தகம்

ஆண்டுக்கு ஒரு முறையாவது பொதுக்குழு கூட வேண்டும். அறிவிப்பு முன்கூட்டியே போயிருக்க வேண்டும். ஆண்டறிக்கை, வரவு செலவு, அடுத்த ஆண்டு பட்ஜெட் மூன்றையும் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கூட்டக் குறிப்புகளை எழுதும் மினிட் புத்தகத்தில், கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியலும், தலைவர் மற்றும் இன்னொரு உறுப்பினரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கை ஒருவர் மட்டும் இயக்கக் கூடாது. இதெல்லாம் கூட்டுறவுச் சட்டமே கேட்பதுதான். ஆனால் "தலைவர் நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

கூட்டத்தில் கிரியோல் பேசுவோம், மினிட் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுவோம். அதில் தப்பில்லை. ஃப்ளோசெர்ட்டோடு கடிதப் போக்குவரத்தும் அந்த மொழிகளில் நடக்கும். ஆனால் எழுதியதைக் கூட்டம் முடியும் முன் கிரியோலில் வாசித்துக் காட்டிவிடுங்கள். எழுதியது ஒன்று, உறுப்பினர் புரிந்துகொண்டது வேறொன்று என்று பின்னால் வரக் கூடாது.

விண்ணப்பிக்கும் முடிவையே பொதுக்குழுத் தீர்மானமாக எழுதுங்கள். நிர்வாகக் குழு மட்டும் முடிவெடுத்துவிட்டு, தணிக்கையாளர் வரும் வாரம் உறுப்பினர்களுக்குச் சொன்னால் அது முதல் பேட்டியிலேயே வெளிப்படும்.

படி 5: விண்ணப்பமும் கட்டணமும்

ஃப்ளோசெர்ட்டின் இணையதளத்தில் விண்ணப்பம் தொடங்குகிறது. எந்தப் பொருள், எத்தனை உறுப்பினர், எந்த ஆலை, யார் ஏற்றுமதி செய்வது என்று கேட்பார்கள். முதலில் விண்ணப்பக் கட்டணம். அது திரும்ப வராது. உங்கள் சங்கம் இந்த விதிகளுக்குள் வருகிறதா என்று பார்த்தபின், ஒப்பந்தமும் முதல் சான்றிதழ்க் கட்டணத்துக்கான ரசீதும் வரும். பிறகு ஆண்டுதோறும் ஒரு கட்டணம். தொகை உறுப்பினர் எண்ணிக்கை, பொருள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும். இணையதளத்திலேயே கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. யூரோவில் வரும், வங்கிக் கட்டணத்தையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

பணவசதி இல்லாத சிறு சங்கங்களுக்கு உற்பத்தியாளர் சான்றிதழ் நிதி என்ற ஒன்று இருக்கிறது. தகுதி இருந்தால் முதல் சான்றிதழ்க் கட்டணத்தில் 75 சதவீதம் வரை அதிலிருந்து கிடைக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். ஒரு விஷயம்: சான்றிதழுக்காக இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருபவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆலையும் சிண்டிகேட்டும் இந்தச் சங்கிலியில் இருப்பதால் அவர்கள் பக்கமும் ஃபேர்டிரேட் சரிபார்ப்பு இருக்க வேண்டும். தீவில் இன்று ஓடுவது மூன்று ஆலைகள்: வடக்கே டெர்ரா, கிழக்கே ஆல்டியோ, தெற்கே ஓம்னிகேன். உங்கள் கரும்பு எந்த ஆலைக்குப் போகிறதோ, அதன் நிலையைச் சிண்டிகேட்டில் பேசும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"நம் கரும்பைத் தனியாக அரைப்பார்களா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அரைக்க மாட்டார்கள். உங்கள் லாரியும் எஸ்டேட் லாரியும் ஒரே மேடையில்தான் கொட்டும். சர்க்கரைக்கு அளவுச் சமநிலை முறையை ஃபேர்டிரேட் அனுமதிக்கிறது. உள்ளே போன சங்கக் கரும்புக்கு ஈடான அளவு சர்க்கரையை மட்டும் ஃபேர்டிரேட் என்று விற்கலாம்; அதற்கு மேல் ஒரு கிலோ கூடாது. ஆகவே எடைச் சீட்டுகள்தான் உங்கள் ஆதாரம். டாஷ்போர்டில் வெயிலில் வெளுத்துப்போகும் சீட்டை அன்றன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

படி 6: வயல், மருந்து, ஆட்கள்

களைக்கொல்லி பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். ஃபேர்டிரேட் வைத்திருக்கும் ஆபத்தான பொருள்கள் பட்டியலில் மூன்று நிறம்: சிவப்பில் இருப்பதைத் தொடவே கூடாது, ஆரஞ்சில் இருப்பதை நிபந்தனையோடு பயன்படுத்தலாம், மஞ்சள் எச்சரிக்கை. மொரீசியஸில் சட்டப்படி விற்கும் மருந்தும் அந்தப் பட்டியலில் சிவப்பாக இருக்கலாம். ஆகவே கடைக்காரர் சொல் போதாது. டப்பாவில் உள்ள வேதிப்பெயரைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வணிகப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், வேதிப்பெயர் மாறாது. சங்கம் மொத்தமாக மருந்து வாங்கிக் கொடுத்தால் கட்டுப்படுத்துவது எளிது.

தெளிப்பவருக்கு முகக்கவசம், கையுறை, பூட்ஸ். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் பெண்கள் தெளிக்கக் கூடாது. ஆற்றோரம் தெளிக்காத பட்டை ஒன்று விட வேண்டும். காலி டப்பாவில் தண்ணீர் பிடிப்பது, கோழிக்குத் தீனி வைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தணிக்கையாளர் கொல்லைப்புறம் நடந்து பார்ப்பார். டப்பாவை மூன்று முறை கழுவி, ஓட்டை போட்டுச் சேகரிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். மரபணு மாற்றிய விதை, நாற்று கூடாது.

குழந்தை உழைப்பு: ஃபேர்டிரேட் 15 வயது என்கிறது, மொரீசியஸ் சட்டம் 16 என்கிறது. எது கடுமையோ அதுதான் செல்லும். பள்ளி விட்டபின் அப்பாவோடு வயலுக்குப் போய்ச் சின்னச் சின்ன உதவி செய்யும் பையனைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட வைத்து வெட்டுக்கத்தி கொடுத்தால் கதை வேறு.

எனக்குத் தெரிந்து நம் சங்கங்களின் பலவீனமான இடம் கரும்பு வெட்டும் ஒப்பந்தக்காரர். ஜூன் முதல் டிசம்பர் வரை அறுவடை. உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் எபேனில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்து வெட்டி ஏற்றிவிட்டுப் போகிறார். அந்த ஆட்களுக்குக் கூலி எவ்வளவு, குறைந்தபட்சச் சம்பளம் கிடைக்கிறதா, காயம்பட்டால் யார் பொறுப்பு என்று உறுப்பினருக்குத் தெரியாது. "அது அவர் ஆள்கள்" என்ற பதில் தணிக்கையில் எடுபடாது. சங்கமே இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களைத் தேர்ந்து, கூலி, வயது, பாதுகாப்புச் சாதனம் பற்றி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கூலிப் பட்டியலின் நகலை வாங்கி வைத்துக்கொள்வதே வழி.

படி 7: தணிக்கை

எல்லா விதிகளும் முதல் நாளே பூர்த்தியாக வேண்டியதில்லை. கட்டாய விதிகளிலேயே சில நுழையும்போதும், சில ஓராண்டு, மூன்றாண்டு, ஆறாண்டு கழித்தும் பொருந்தும். வளர்ச்சி விதிகள் என்று இன்னொரு வகை உண்டு. அவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், சராசரி 3 வந்தால் போதும். ஃப்ளோசெர்ட் வெளியிடும் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து, உங்கள் ஆண்டுக்குப் பொருந்துவதை மட்டும் பிரித்துவைத்து, நீங்களே ஒரு ஒத்திகைத் தணிக்கை செய்துபாருங்கள்.

தணிக்கையாளர் வந்ததும் தொடக்கக் கூட்டம், பிறகு கோப்புகள், வயல்கள், பேட்டிகள், கடைசியில் முடிவுக் கூட்டம். பேட்டி எப்படி இருக்கும் என்று பலருக்குப் பயம். ஆடிட்டர் ஒரு மூத்த உறுப்பினரின் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாதாரணமாகத்தான் கேட்பார்:

"பிரீமியம் பணம் வந்தால் என்ன செய்வதாக முடிவு செய்திருக்கிறீர்கள்?"

"அதெல்லாம் செயலாளர் தம்பி பார்த்துக்கும்."

பெரியவர் நம்பிக்கையோடு சொன்ன அந்த ஒரு வரி, கோப்பில் அடுக்கிய பத்துத் தீர்மானங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுப்பது இன்னும் மோசம். மூன்று வீட்டில் ஒரே வாக்கியம் வந்தால் யாருக்கும் புரிந்துவிடும். உண்மையிலேயே கூட்டத்தில் விவாதித்திருந்தால், "உரம்னு சொன்னாங்க, நான் பாதை போடணும்னு சொன்னேன், ஒத்துக்கல" என்று அவரே சலித்துக்கொண்டு சொல்வார். அதைவிட நல்ல பதில் கிடையாது.

முடிவுக் கூட்டத்தில் குறைகளைச் சொல்வார்கள். குறையே இல்லாத முதல் தணிக்கை அபூர்வம், பதற வேண்டாம். சான்றிதழ் தருவதா என்று முடிவெடுப்பது உங்கள் ஊருக்கு வந்த ஆடிட்டர் அல்ல. அறிக்கையை ஃப்ளோசெர்ட்டில் வேறொருவர் படித்து முடிவு செய்வார். ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும், பிறகு கெடுவுக்குள் செய்ததற்கான ஆதாரம். பெரிய குறைகள் இல்லையென்றால் சான்றிதழுக்கு முன்பே விற்பதற்குத் தற்காலிக அனுமதி கிடைக்கலாம். முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் மேல்முறையீடும் உண்டு. தணிக்கை முடிவை உறுப்பினர்களுக்குச் சொல்வதும் விதியில் ஒன்று.

சான்றிதழ் மூன்றாண்டுச் சுழற்சியில் ஓடும். இடையில் கண்காணிப்புத் தணிக்கைகள், முன்னறிவிப்பில்லாத வருகையும் சாத்தியம். முடிவில் புதுப்பிப்புத் தணிக்கை.

படி 8: பிரீமியம் பணம்

பிரீமியம் சங்கத்துக்கு வரும். தனி உறுப்பினரின் கணக்குக்கு அல்ல. எதற்குச் செலவிடுவது என்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். அதை ஃபேர்டிரேட் வளர்ச்சித் திட்டம் என்று எழுதி வைக்க வேண்டும்: என்ன வேலை, எதற்காக, எப்போது, எவ்வளவு. செலவானபின் அடுத்த பொதுக்குழுவில் கணக்குக் காட்ட வேண்டும். சங்கத்தின் மற்றப் பணத்தோடு கலக்காமல் கணக்கு வையுங்கள். தனி வங்கிக் கணக்கு திறப்பது எல்லோருக்கும் நிம்மதி.

மலிவு விலையில் உரம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான், கல் பொறுக்குதல், மறுநடவு என்று பல வழிகள் பேசப்படும். என் கருத்தைக் கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்கு மறுநடவில் போடுவதே நல்லது. வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் முளைக்கும் மறுதாம்பு பல ஆண்டு ஓடி விளைச்சல் இறங்கிய நிலங்கள்தான் நம்மிடம் அதிகம். கட்டுபடியாகாமல் கரும்பை விட்டுவிட்டுப் போனவர்களின் துண்டுகள் ஒவ்வொரு ஊரிலும் புதராகக் கிடக்கின்றன. டன் குறைந்தால் பிரீமியமும் குறையும். புயல் ஆண்டில் இரண்டும் சேர்ந்து விழும். தீபாவளிக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணமாகப் பிரித்தால் என்ன என்று ஒருவர் எழுந்து கேட்பார். பொதுக்குழு முறைப்படி முடிவெடுத்துத் திட்டத்தில் எழுதினால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் மேலே போட்ட கணக்கின் 120 டாலரில் கட்டணமும் கழிந்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்று அவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இது ஒத்துவராவிட்டால்

நிலம் பெரிது, ஆட்கள் அதிகம் என்றால் போன்சுக்ரோ என்ற கரும்புக்கான நிலைத்தன்மைச் சான்றிதழைப் பார்க்கலாம். அதில் பிரீமியம் என்ற கட்டாயத் தொகை கிடையாது. ஃபேர் ஃபார் லைஃப் என்பது இன்னொரு நியாய வணிகச் சான்றிதழ். ஒப்பந்த முறையில் வாங்கும் நிறுவனம் முன்வந்தால் பொருந்தும். எதுவானாலும் படி 2இன் கேள்விதான் முதலில்.

செயலாளர் மாறும்போது

கடைசியாக ஒரு சில்லறை வேலை. ஃப்ளோசெர்ட்டின் இணையக் கணக்கு, விற்பனை அளவுகளைப் பதியும் ஃபேர்டிரேஸ் கணக்கு இரண்டும் ஒரு மின்னஞ்சல் முகவரியில் ஓடும். பெரும்பாலும் அது செயலாளரின் சொந்த முகவரி. அவர் பதவி விலகினாலோ, கனடாவுக்கு மகளிடம் போய்விட்டாலோ, கெடு தேதியோடு வரும் கடிதங்கள் யாரும் பார்க்காத பெட்டியில் விழும். பதில் வராததால் சான்றிதழ் இடைநிறுத்தப்படலாம். சங்கத்தின் பெயரில் ஒரு முகவரி உருவாக்கி, கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் வைத்து, பொறுப்பு மாறும் அன்றே மாற்றிவிடுங்கள். மினிட் புத்தகத்திலும் அதை ஒரு வரி எழுதிவையுங்கள்.